ஞாயிறு விடுமுறை

வெள்ளிக்கிழமை காலை, பூட்டிய தோல் ஷெட் கேட்டுக்கு முன்னால் ஃபீபி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே தோல் பதனிடும் டிரம் எதுவும் சுற்றவில்லை. அவளை யாரும் வரச் சொல்லவில்லை. ஆனால் சென்னையிலிருந்து சரக்குப் பார்க்க இன்பசேகரன் சார் வருவார் என்று அவளுக்குத் தெரியும். அவரை வரவழைத்தது அவள் எழுதிய பிளகின் என்ற சின்ன நிரல்தான்.

போன வருஷம் வரை அவள் அளவுப் பிரிவில் இருந்தாள். மெஷினில் தோலை விட்டு, வருகிற எண்ணைப் பின்பக்கம் எழுதுகிற வேலை. சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதைக் கேள்விப்பட்ட மேனேஜர் முக்தார் அகமது அவளை ஆபீசில் உட்கார வைத்தார். "இந்த ஷிப்மென்ட் நல்லபடியா போவட்டும், ஆபீஸ் சேர உனக்கே பர்மனன்ட் பண்ணிடறேன். இல்லன்னா மறுபடி மெஷினுக்குத்தாம்மா" என்றார். இப்போது ஆர்டர் கூடிவிட்டதால், மெஷினுக்குத் திரும்பினால் எட்டு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள். வகுப்பு ஆறு மணிக்கு.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாரும் எழுதித் திருத்துகிற விக்கி ஒன்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லாட் தோலுக்கும் ஒரு பக்கம். என்ன சாயம், எப்போது காயப்போட்டது என்று அவரவர் எழுதுவார்கள். சாயங்காலம் ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாம் இணையம் இல்லாமலே திறக்கிற சாதாரணப் பக்கங்களாகிவிடும். அதை சிடியில் போட்டு, சென்னையில் தோல் வாங்குகிற கம்பெனிக்கு அனுப்புவார்கள். படிக்கிறவர் திறக்கும்போது அங்கே எந்தக் கணக்கும் நடக்காது. நடக்க வேண்டியதெல்லாம் பக்கம் உருவாகும்போதே முடிந்திருக்கும். அந்த நேரத்தில் ஓடுவதற்காகத்தான் ஃபீபி பிளகின் எழுதினாள். வேலை நாட்களை எண்ணி, 'சரக்குப் பார்க்கத் தயாராகும் நாள்' என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அது தேதி போடும். வரி வரியாகச் சரிபார்த்தாள். லீப் வருஷத்தைக்கூட விடவில்லை. விடுமுறை நாள் என்ற இடத்தில் மட்டும் யோசிக்காமல் ஞாயிறு என்று எழுதியிருந்தாள். பிறந்ததிலிருந்து ஞாயிறு என்றால் சர்ச், சர்ச் என்றால் விடுமுறை. இத்தனை நாளும் இதே ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்து ஓட்டமாக வேலைக்கு வந்துகொண்டிருந்தவள்தான் அதை எழுதினாள். ஷெட்டில் ஒருவரும் அந்தத் தேதியைப் பார்க்கவில்லை. தோல் எப்போது காயும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நேற்று வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, ஷெட்டுக்கு வார விடுமுறை வெள்ளி என்பது திடீரென்று உறைத்தது. திரும்பி ஓடி வந்து ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். எல்லாப் பக்கங்களும் புதிதாக உருவாகி வந்தன. சென்னைக்குப் போன சிடியில் மட்டும் பழைய வெள்ளிக்கிழமைத் தேதியே இருந்தது. விடிந்ததும் அங்கே போன் செய்தால், சார் ராணிப்பேட்டை கிளம்பிவிட்டார் என்றார்கள். அவருடைய செல் அணைந்து கிடந்தது.

வெள்ளை கார் வந்து நின்றது. இன்பசேகரன் இறங்கி, பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, சாவி உங்கிட்டயா?"

"இல்ல சார். இன்னிக்கி லீவு சார். லாட்டு இன்னும் காயல. நாளைக்கிதான் சார் ரெடியாவும்."

"அப்ப இன்னிக்கின்னு யாரு போட்டது?"

கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் சார். ஞாயித்துக்கிழமை லீவுன்னு எழுதிட்டேன்."

அவர் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல ஆள வச்சாரு பாய்." பிறகு கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா இந்தக் கேட்டுக்கு வர்றேம்மா. வெள்ளிக்கிழமை இங்க ஒரு ஈ காக்கா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வந்தேன். ஸ்கிரீன்ல அவ்ளோ நீட்டா போட்டிருந்துச்சி. சரி, ரூல மாத்திட்டாங்க போலன்னு நெனச்சிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கால் கடுத்தது. காலையில் சாப்பிடவில்லை.

முக்தாருக்குப் போன் போட்டாள். "ஜும்மாவுக்குக் குளிக்கப் போறேன், இன்னா பேஜாரு?" என்றவர் முழுதும் கேட்டார். "கேட்டத் தொறந்து ஈரத் தோலக் காட்டச் சொல்றியா? அவர எப்படியாச்சும் நாளைக்கி வரைக்கும் நிறுத்தி வையிம்மா. உன்னால முடிஞ்சா பாரு."

அவள் திரும்பி வந்தாள். "சார், நாளைக்கிக் காலைல மொத வேலையா காட்டிடுவோம் சார்."

"நாளைக்கி பெங்களூர்ல எனக்கு வேற சரக்கு இருக்கே."

"இந்த லாட்டு போவலன்னா..." என்று தொடங்கினாள். வகுப்பைப் பற்றி, மெஷினைப் பற்றி, எட்டு மணியைப் பற்றி வரிசையாகச் சொல்ல நினைத்தாள். அவருக்கு அது எதற்கு என்று தோன்றியது. "கஷ்டம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாருக்கும்தாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் ஒழுங்காகத் தூங்கியவர் மாதிரி இல்லை. "வயித்துக்குப் போட்டுட்டு யோசிக்கிறேன். நீ வூட்டுக்குப் போ, வெயில்ல நிக்காத."

அவள் போகவில்லை. கார் தெருமுனை பிரியாணிக் கடை வாசலில் வெகுநேரம் நின்று, பிறகு நகர்ந்தது. நெடுஞ்சாலையைத் தொடுகிற இடத்தில், தொழுகை முடிந்து வந்த கூட்டம் அதை மறித்துக்கொண்டது. வலப்பக்கம் போனால் ராத்திரி தங்க லாட்ஜ். இடப்பக்கம் பெங்களூர். வெள்ளைத் தொப்பிகள் காரின் இருபுறமும் பிரிந்து பிரிந்து போய்க்கொண்டே இருந்தன. ஃபீபி கையை நெற்றிக்குக் குடையாக வைத்துப் பார்த்தாள். காரின் பின்னால், திரும்புகிற பக்கம் காட்டும் இரண்டு விளக்குகளும் இன்னும் எரியாமல் இருந்தன.