பெயின்ட் மட்டும் இங்கே

இரண்டு சக்கரங்களை இணைக்கும் இரும்பு அச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியலைக் கருவி வைத்துப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பதினெட்டு வருட சர்வீஸ்.

அந்த வருடம் நகர ரயில் ஒப்பந்தம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனது. அதன் முதலாளி அந்த நாட்டு அரசாங்கமே. நஷ்டத்தைக் கஜானா தாங்கிக்கொள்ளும் என்பதால், இங்கே வெறும் இரும்பு வாங்கவே போதாத விலையைக் கேட்டிருந்தார்கள். தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டை மூடினார்கள். அவள் கணவனுக்கு வேலை போனது. அவளுடைய தம்பியோ அந்தக் கம்பெனியிலேயே போய்ச் சேர்ந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பழப் பையோடு வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் கணவன் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

"எதுக்குடா வந்த?"

"ஒரு கையெழுத்து வேணும்க்கா. பாதி சாமானாவது உள்நாட்டுல செஞ்சதா இருக்கணும்னு சட்டம். அச்சுக்குச் சான்று கொடுக்க லைசென்ஸ் இந்த ஊர்ல உனக்குத்தான் இருக்கு."

"உள்நாட்டுல செஞ்சீங்களா?"

"வந்து பாரேன்."

மறுநாள் போனாள். கம்பெனிக் கொட்டகை பளிச்சென்று இருந்தது. நாற்பது அச்சுகள், ஈரம் காயாத சாம்பல் நிறத்தில். ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒரு விரிசல்கூட இல்லை. அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி அச்சின் முனையில் விரல் ஓரிடத்தில் பள்ளம் தட்டியது. சாவியால் சுரண்டினாள். பழைய எண்ணைச் சாணை பிடித்து அழித்து, மேலே புது எண் அடித்திருந்தார்கள். அரைகுறையாக அழிந்த அந்நிய எழுத்து இரண்டு அடியில் பல்லிளித்தது.

"இதுல எதுடா இங்க செஞ்சது?"

"பெயின்ட் இங்கதான் அடிச்சோம்."

"வெட்கமா இல்ல?"

"உனக்குத்தான் இருக்கணும். பெட்டி கொடுக்க மூணு வருஷம் இழுத்தடிச்சீங்க. ஜனங்க படிக்கட்டுல தொங்கினாங்க. இப்ப எங்க கம்பெனி மேல பழி. கையெழுத்துப் போடு, இல்லன்னா என் வேலை போயிடும்."

"உங்க மாமாவுக்கு வேலை போனப்ப நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் படிவத்தை நீட்டினான். அவள் படிவத்தில் இரண்டே வரி எழுதினாள்: விரிசல் இல்லை. இங்கே செய்யப்பட்டவை அல்ல.

அந்த வாரமே தம்பியை வெளியே அனுப்பினார்கள். பத்து நாளில் வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து மறுபேச்சில்லாமல் சான்று கொடுத்துவிட்டுப் போனார்.

அவளை அவளுடைய மேலாளர் கூப்பிட்டுக் கத்தினார். "விரிசல் இல்லன்னு எதுக்கும்மா எழுதின? ரெண்டாவது வரிய மறைச்சிட்டு, எதிராளி தொழிற்சாலையே பாராட்டுதுன்னு ஊரெல்லாம் காட்டுறானுங்க!"

"இல்லாத விரிசலை எப்படி சார் எழுதுறது?"

"அவனுங்க மட்டும் இல்லாததை எழுதலையா?"

"அதனாலதான் சார் எழுதல."

அன்று சாயங்காலம் தம்பி மனைவி போன் செய்தாள். "ரொம்ப நேர்மை அண்ணி உங்களுக்கு. பிள்ளைங்க ஸ்கூலை மாத்தப் போறோம். சந்தோஷமா?"

"அவன் பக்கத்துல இருந்தா கொடும்மா."

"பேச மாட்டாராம்."

பின்னால் தம்பியின் குரல் கேட்டது: "போனை வை."

தொடர்பு அறுந்தது. அவள் மறுபடி அழைத்தாள். எண்ணைத் தடுத்து வைத்துவிட்டான்.