தோமியேயின் நடை

“என் நடைய மட்டும் மேடையில காட்டாதீங்க! நான் நொண்டுறது உங்க ஊறுகாய்த் தொட்டியாலதான். ஊரு சிரிக்கறதுக்காக இல்ல!”

“கத்தாதடி! மூஞ்சியில முகமூடி, வாயில பூட்டு. அது உன் நடைன்னு எவளுக்குத் தெரியும்?”

“தெரு பூரா தெரியும்!”

தெரியும்தான். கியோத்தோ மாநகரின் மேற்புறத்தே, கூரையும் கூரையும் தோள் உரசி நிற்கும் எங்கள் குறுந்தெருவில், இளவேனில் காற்று அடுக்குச் செர்ரிப் பூக்களின் முதிர்ந்த இதழ்களை உதிர்த்துக் கதவிடுக்கெல்லாம் செருகிக்கொண்டிருந்த அந்நண்பகலில், ஊறுகாய்க்காரர் தமேகிச்சியின் இல்லத்துப் பூசல், மெல்லிய மரத்தட்டிகளைக் கடந்து, அரிசி களைந்துகொண்டிருந்த எல்லோர் செவிக்கும் செவ்வனே எட்டிற்று. எட்டாத சொற்களுக்காக நாங்கள் அரிசியை மெல்லக் களைந்தோம்.

தமேகிச்சி, ஆண்டுதோறும் கோயில் மேடையில் எம் தெரு ஆடவர் புத்தர்க்குக் காணிக்கையாக ஆடும் ஊமைக்கூத்தில் பெண்வேடத்துக்குப் பேர்போனவர். கொடிபோல் வளைந்து, புறாவின் கழுத்துப்போல் அசைந்து, ஒரு சொல்லும் இன்றி ஓராயிரம் சொல்லும் அக்கைகள் கூத்துக்கு வேண்டியவையாம். ஆகவே முள்ளங்கித் தொட்டிகளை அழுத்தும் கற்களைக் குளிர்காலந்தோறும் தூக்கியவள் அவர் மனைவி தோமியே. கல் தொட்டியில் இருந்தது. அதன் கனம் அவள் இடுப்பில் தங்கிவிட்டது. இடக்கையை இடுப்பில் ஊன்றி, வலக்காலை இழுத்து, நின்ற இடத்தில் உள்ளங்கைகளை முன்கட்டுத் துணியில் துடைத்துக்கொள்வாள்.

“சரிடி, புத்தர்மேல ஆணை. காட்ட மாட்டேன்” என்றார் தமேகிச்சி. அதனை நம்பி அவள் சோற்றுருண்டை கட்டிக்கொண்டு கூத்துக்கு வந்தாள், எம்மோடு அமர்ந்தாள்.

சேகண்டி அதிர்ந்தது, முழவு தொடர்ந்தது, குழல் அவ்விரண்டின் நடுவே நூல்போல் ஓடிற்று. பூவிற்கும் இளையாளிடம் மயங்கிய செல்வனை அவன் மனைவி தேடி வந்து, அழைத்து, தோற்று மீளும் ஆட்டம் அது. மனைவி வேடத்தில் தமேகிச்சி வந்தார். என்ன ஊழோ, அன்று அவையோர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் பட்டு வணிகர் ஒருவர் வாய் பிளந்து கொட்டாவி விட்டார். கொட்டாவியைக் கண்ட கூத்தனுக்கு ஆணை ஏது? இடக்கை இடுப்புக்குப் போயிற்று, வலக்கால் இழுபட்டது, உள்ளங்கைகள் துணியில் துடைபட்டன. அவை மடை உடைந்தாற்போல் சிரித்தது.

“அடியே தோமியே, உன்ன அப்படியே உரிச்சு வச்சிருக்காருடி!” என்று முழங்கையால் இடித்தாள் சோயாக்கட்டி விற்கும் ஓசென்.

தோமியே எழுந்தாள். படி இறங்கி, நடுமுற்றத்தைக் கடந்து, அதே நடையில், மேடையின் அடியில் போய் நின்றாள்.

“ஏங்க, இது நானா? இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். போய் உலை வைக்கிறேன்.”

சேகண்டி நின்றது. “தமே, வாயத் திறக்காத! காணிக்கை கெட்டுடும்!” என்று சேகண்டிக்காரர் பல்லுக்குள் சீறினார். முகமூடிக்குள் இருப்பவர் பேசினால் அவ்வாண்டுக் கூத்தே பாழாகும் என்பது எங்கள் வழக்கு. ஆயினும் தலையை இருபுறம் அசைக்கலாமே! தடையேதும் இல்லை, தலையசைவைக் கொண்டு கண்ணீரையே வரவழைப்பவர் அல்லவா அவர்? அவளும் அதற்கே காத்து நின்றாள். நாங்களும் அவர் தலையையே நோக்கினோம்.

தமேகிச்சி மேடை விளிம்புக்கு வந்தார். அவளை நோக்கிக் குனிந்தார். பிறகு, இவ்வளவு பெரிய அவை தம் ஒருவர் கையையே பார்க்கும் இன்பத்தை விட மாட்டாதவராய், அக்கையை மெல்ல இடுப்பில் ஊன்றி, உள்ளங்கைகளைத் துடைத்துக் காட்டினார். இதுவும் ஆட்டத்தில் ஒரு கூறென்று எண்ணி அவை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பட்டு வணிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“சரி. சொல்லிட்டீங்க” என்றாள் தோமியே. திரும்பி, வாயிலை நோக்கி நடந்தாள். அந்நடைக்கும் பின்னிருந்து சிரிப்பு வந்தது.

அன்று மாலையே அவள் ஓத்சு ஊரின் ஏரிக்கரையில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மறு ஆண்டு மணவிலக்குப் பெற்று, அங்கேயே படகு பழுதுபார்க்கும் ஒருவரை, மனைவியை இழந்தவரை, மணந்துகொண்டாள். “ஓயாத வாயாம் அந்த ஆளுக்கு. தூக்கத்துலகூடப் பேசுவாராம்!” என்று ஓசென் ஏளனமாகச் சொல்லிவிட்டு, ஏனோ தன் வீட்டுத் தட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

தமேகிச்சி எங்கும் போகவில்லை. கற்கள் காத்திருந்தன, தூக்க வேறு ஆள் இல்லை, அவரே தூக்கினார். குளிர்காலங்கள் சில கடந்தபின், செர்ரி இதழ் உதிரும் அதே பருவத்தில், முகமூடி இன்றி, வேடம் இன்றி, இடக்கையை இடுப்பில் ஊன்றி, வலக்காலை இழுத்து, அவர் தெருவோடு கோயிலை நோக்கி நடந்து போகையில் தட்டிகளின் பின்னிருந்து நாங்கள் பார்த்தோம். எள்ளளவும் பிசகாமல் அவளே நடப்பதுபோல் இருந்தது. அவர் வாழ்நாளில் அதனினும் செம்மையாக ஆடியதில்லை. சிரிப்பதற்குத்தான் எவரும் இல்லை.