குமிழைப் பின்னால் திருப்பியவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் வலது கையிலிருந்து வந்தது. வாஷிங் மெஷினின் குமிழை உடைத்த கை அது. ஆனால் கதையில் உடைப்பவரை 'அவர்' என்றே எழுதப்போகிறேன். என் மனைவி இதைப் படிக்கக்கூடும். படித்தால், யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

முதல் தொடக்கம்: துவைத்த துணியின் வாசனையில்தான் ஒரு வீட்டின் வரலாறு—

(வேண்டாம். துணியை இன்னும் துவைக்கவே இல்லை. அதுதானே பிரச்சினை.)

இரண்டாம் தொடக்கம்: அவர் குமிழைப் பின்பக்கமாகத் திருப்பினார். அது கையோடு வந்துவிட்டது.

இது பரவாயில்லை. பொய்யும் இல்லை, வாசனையும் இல்லை.

2

மெஷின் பழசு. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. குமிழைச்* சுற்றி எந்தத் துணிக்கு எந்த இடம் என்று எழுத்துகள் இருந்தன. அவருடைய மனைவி அழுத்தித் துடைத்துத் துடைத்தே அவற்றை அழித்துவிட்டாள். அதற்காக அசருகிற ஆளா? மகளின் நகப்பூச்சை எடுத்து எழுத்திருந்த இடங்களில் புள்ளி வைத்தாள்.

"என் நெயில் பாலிஷ மெஷினுக்குப் போட்டியாம்மா?"

"உன் யூனிபாரத்துக்குத்தானேடி போட்டேன்! செவப்பு உனக்கு. போ, போய் சாக்ஸைத் தேடு."

மற்ற புள்ளிகள் யாருக்கு, எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கிட்டே போனாலே, "நீங்க தள்ளுங்க, அதுல கைய வெக்காதீங்க" என்பாள். வெளியே நாலு பேர் மதிக்கிற மனிதர், சொந்த வீட்டு மெஷினுக்கு லாயக்கில்லாதவர் ஆகிவிட்டார் என்று அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

அந்தக் குமிழ் முன்னால் மட்டும்தான் திரும்பும். புள்ளியைத் தாண்டிவிட்டால் முழுச் சுற்று சுற்றித்தான் வர வேண்டும். கடக், கடக், கடக். அவர் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்க, மகள் ஒற்றை சாக்ஸோடு ஓட, அந்தக் கடக் கடக்கில்தான் வீடு விடியும். இப்போது நினைத்தால், அந்த நுரையோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.

(முன்னால் மட்டும் திரும்பும் குமிழ், பின்னால் திருப்பினால் உடையும். இதை வாழ்க்கைக்கு உவமையாக்கக் கை துறுதுறுக்கிறது. வாசகரே, தயவுசெய்து பிடித்துக்கொள்ளுங்கள்.)

* எங்கள்— அவர்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'திருப்புறது'. குமிழ் என்பது கதைக்காகப் போட்டுக்கொண்ட இஸ்திரிச் சட்டை.

3

மனைவி இப்போது மகள் வீட்டில். பேரக்குழந்தையைப் பார்க்கப் போனவள், மகள் வேலைக்குத் திரும்பியதும் அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் சாயங்காலம் பேசுவாள்.

"எப்ப வர்ற மாதிரி?"

"பாக்கலாங்க."

"அவசரமில்ல. இங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

போனை வைத்துவிட்டு, குமிழ் போன இடத்தில் மிஞ்சியிருந்த அச்சைக் குறடால் பிடித்துத் திருகிப் பார்ப்பார். வழுக்கும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: அவள் வரும்போது மெஷின் அவள் விட்டுப்போனபடியே, புள்ளிகளோடு இருக்க வேண்டும். யூனிபாரமும் இல்லை, சாக்ஸும் இல்லை. அந்தப் புள்ளிகளும் போய்விட்டால் அவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? (இந்த வரி கொஞ்சம் அதிகப்படி. அடிக்க மனம் வரவில்லை.)

4

கஸ்டமர் கேர் பெண்ணை முதல் வரைவில் அரக்கியாக எழுதினேன். இரண்டாவதில் தேவதையாக. இரண்டும் புளுகு. அவள் வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு பேசினாள். அது மட்டும் நிஜம்.

"மாடல் நம்பர் சொல்லுங்க சார். பின்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும்."

அவர் போனைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தார். ஸ்டிக்கர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அதையும் துடைச்சிட்டாம்மா."

"யாரு சார்?"

"வீட்ல."

போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பினார். மறுநாள் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்களுடன் இணைந்திருப்பதற்கு நன்றி.

"என்னம்மா தீந்துச்சு?"

"சிஸ்டத்துல தீந்துடுச்சுன்னுதான் சார் காட்டுது. மறுபடி ஓபன் பண்றேன்." கொஞ்ச நேரம் இசை. "சார், அந்த நாப் தனியா வராது. பேனலோட சேத்துத்தான் மாத்தணும். அதுவும் ஸ்டாக் பாக்கணும்."

"பேனல மாத்தினா புள்ளி போயிடுமே."

"எந்தப் புள்ளி சார்?"

சொன்னார். நகப்பூச்சிலிருந்து சாக்ஸ் வரைக்கும் சொன்னார். நடுவில் அவள் இசையைப் போட மறந்து, பக்கத்தில் இருந்தவளிடம் பேசினாள்.

"ஏய், புள்ளித் தாத்தாடி. இல்லடி, பாவம்டி."

அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். (நானாக இருந்தால் கத்தியிருப்பேன். சரி, நானும் கத்தவில்லை.)

"வருமா, வராதாம்மா?"

"பாக்கலாம் சார்."

வீட்டிலும் அதே வார்த்தை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அவள் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"சார், நீங்க நாப் வேணுங்கறீங்க, அப்பறம் புள்ளி வேணுங்கறீங்க, அம்மா ஊர்ல இல்லங்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்? ஒரே வரில சொல்லுங்க. அதுக்கு மேல சிஸ்டம் எடுக்காது."

அவர் "அப்பறம் கூப்பிடறேம்மா" என்றார்.

5

முடிவுகள்:

குமிழ் தபாலில் வந்து, அச்சில் கச்சிதமாக உட்காருகிறது. (நடக்காது. நடந்தாலும் நம்பமாட்டீர்கள்.)

குமிழ் வரவே இல்லை. புது மெஷின் வருகிறது. துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடுகிறது. அவர் அதற்குப் பயந்து பால்கனியில்—

குறடே குமிழாகிறது.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். குமிழின் முடிவு உங்களுடையது. எனக்கு இன்னொரு போன் பேச வேண்டியிருக்கிறது. 'அவரை' மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

6

"அந்த ரோஸ் புள்ளி எதுக்கு?" என்று கேட்டேன்.

"உங்க சட்டைக்கு." சட்டென்று நிறுத்தினாள். "திருப்புறத ஒடச்சிட்டீங்களா?"

"உனக்கு எப்படி—"

"இத்தன வருஷம் கேக்காத மனுஷன் இப்ப கேக்குறீங்களே. விடுங்க, அது எப்பவோ நான் ஒடச்சது. பாப்பா பரீட்சைக்குக் கிளம்புற அவசரத்துல பின்னால திருப்பிட்டேன். பசை போட்டு ஒட்டி வெச்சேன். பின்ன எதுக்கு உங்கள தொட விடலன்னு நெனச்சீங்க?"

நான் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தேன். அதை இரண்டாம் பகுதியில் எழுதியும்விட்டேன். அடிக்க வேண்டும்.

"நீ எப்ப வர்ற?"

"நீங்கதான் எல்லாம் நல்லா ஓடுதுன்னீங்களே. ஒரு தடவயாவது வான்னு சொன்னீங்களா?"

"ஓடல. ஒண்ணும் ஓடல. நீ வா."

அந்தப் பக்கம் இசை எதுவும் ஒலிக்கவில்லை. குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

"சனிக்கிழமை வர்றேன்" என்றாள். "அதுவரைக்கும் எதையும் திருப்பாதீங்க."