வேண்டாம் பட்டியல்

சனிக்கிழமை காலை அக்கா எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடம் காத்திருந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளை அப்போதுதான் ஏற்றியிருந்தேன். ஸ்பீக்கரில் மூச்சுப் பேச்சில்லை.

"ஊமையா இருக்குடா உன் மிஷினு," என்றாள்.

அக்கா ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறாள். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பிழைகளைப் பொறுக்கிய கண்ணில் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வந்தது. போன மாதம் டாக்டர் கையை விரித்துவிட்டார். காதால் கேட்டே திருத்துவேன் என்று அக்கா அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு அத்தியாயம் திருத்தி அனுப்பினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

ஊமையானதற்கு நான்தான் காரணம். எங்கள் வீட்டு மிஷினில் ஓடும் லினக்ஸ் வகையில் எதையும் ஆயத்தமாக வாங்கிப் போட முடியாது. ஒவ்வொரு நிரலின் மூலத்தையும் இறக்கி நம் மிஷினிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவதற்கு முன் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று நாமே சொல்லலாம். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, அவ்வளவுதான். நான் இருப்பதிலேயே ஒல்லியான ப்ரொஃபைலை, அதாவது அடிப்படை வசதித் தொகுப்பை எடுத்து, அதன் மேல் நாற்பத்து மூன்று கழித்தல் குறிகளைப் போட்டு வைத்திருந்தேன். அச்சு வேண்டாம், ப்ளூடூத் வேண்டாம், பேச்சு வேண்டாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தப் பட்டியலைக் காட்டிப் பீற்றிக்கொண்டதும் உண்டு.

"கடையில வேற மிஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்துடேன்டா."

"ரெண்டு நாள் குடுக்கா. இதையே பேச வைக்கிறேன்," என்றேன். வீம்புதான், வேறொன்றுமில்லை.

ப்ரொஃபைலை மாற்றினேன், பேச்சுக்கு முன்னால் இருந்த குறியை எடுத்தேன். அறுநூற்றுச் சொச்சம் நிரல்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பிரவுசருக்கு மட்டும் ஏழு மணி நேரம். மின்விசிறி இரைந்து இரைந்து அறையே சூடானது. அக்கா இரண்டு நாளும் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஞாயிறு மாலை மிஷின் வாயைத் திறந்தது. மெனுவை வாசித்தது, மின்னஞ்சலை வாசித்தது.

"சளி பிடிச்ச கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கு," என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு அத்தியாயத்தைத் திறந்தாள். மறுபடி மௌனம். எழுதும் மென்பொருள் மட்டும் பேசவில்லை.

பொதுப் பட்டியலில் மாற்றிவிட்டேன், சரி. ஆனால் தனித்தனி நிரல்களுக்கு என்று இன்னொரு கோப்பு உண்டு. அதில் எழுதியதுதான் செல்லும். அதை அடியோடு மறந்திருந்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் தோளுக்கு மேல் கையை நீட்டி அந்தக் கோப்பைத் திறந்தேன். கர்சர் போன வரியையெல்லாம் மிஷின் சத்தமாக வாசித்தது. எழுதும் மென்பொருளின் பெயர், கழித்தல், பேச்சு. அதற்கு மேலே நான் எனக்காக எழுதி வைத்த குறிப்பு ஒன்று இருந்தது. அதையும் அதே குரலில் வாசித்தது.

"அக்கா கேட்டாள். கண் வலிக்கிறதாம். சும்மா சோம்பேறித்தனம். வேண்டாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா தலையைத் திருப்பவில்லை.

"எப்ப எழுதுனது?"

"மூணு வருஷம் இருக்கும்."

"ம். அப்பதான் ஆரம்பிச்சுது." கொஞ்ச நேரம் விரலால் மேசை விளிம்பைத் தடவினாள். "இதைக் கட்ட எவ்ளோ நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம். கொஞ்சம் முன்னப்பின்ன."

"அப்ப ஆரம்பி. பத்துக்கு முடிஞ்சாலும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

கழித்தல் குறியை எடுத்தேன். குறிப்பையும் அழித்துவிடலாம் என்று வரியின் கடைசிக்குப் போய்ப் பின்னாலிருந்து அழிக்கத் தொடங்கினேன். அழிக்கிற எழுத்தையும் இது சொல்லும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"ம்," என்றது மிஷின். "டா. ண். வே."

அக்கா மெய்ப்புப் படிக்கும்போது செய்வதுபோலத் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.