வருதா? வரலை!

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் நானும் மனைவியும் தங்கி ஊர் சுற்றும் கேரவனுக்குப் பக்கத்தில் இன்னொரு கேரவன் நின்றது. மத்தியானம், ஒரு வரியும் ஓடாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பெண் வெளியிலிருந்து கத்தினாள்: "வருதா?" உள்ளேயிருந்து இன்னொருத்தி: "வரலை!"

என் எழுத்தைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் கூசிப்போனேன். பிறகுதான் புரிந்தது, கரண்ட். காற்றுக்காகக் கூரையில் பதித்த ஃபேன் அவர்களுக்கு ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "மேகம் சூழ்ந்த வானம், அவளுடைய மனதைப் போலவே இருண்டு..."

(அடித்துவிட்டேன். வெளியே நல்ல வெயில்.)

இரண்டாவது: அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு பழைய கேரவன் வாங்கினார்கள். வாங்கிய பிறகு சண்டை வந்தது. வண்டியையும் சரி, சண்டையையும் சரி, விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அதனால் ஒரே வண்டியில் பேச்சில்லாமல் ஊர் சுற்றுகிறார்கள். போகவேண்டிய ஊரை ஒருத்தி வரைபடத்தில் விரலால் தொடுவாள். மற்றவள் தலையாட்டுவாள், அல்லது ஆட்டமாட்டாள்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"என்ன சண்டையாம்?"

"வீட்டுப் பங்கு."

"அக்கா தங்கச்சி சண்டைன்னா உங்களுக்கு வேற ஒண்ணும் தோணாதா?"

"அப்ப என்னன்னு வைக்கட்டும்?"

"காரணம் மறந்தே போச்சுன்னு வைங்க. யாரு முதல்ல பேசறதுங்கறதுதான் இப்ப சண்டை."

(வைத்துவிட்டேன்.)

3

அவர்கள் வண்டியில் ஃபேன் ஓடவில்லை, விளக்கு எரிகிறது. ஆகவே பேட்டரியில் கோளாறு இல்லை. அக்கா ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், உள்ளே கம்பி அறுபடவில்லை. (இந்த இடத்தில் அவளுக்கு ஷாக் அடிக்க வைத்திருந்தேன். கேரவன் பேட்டரி அந்த அளவுக்கெல்லாம் அடிக்காது என்று மனைவி அதையும் பிடுங்கிவிட்டாள்.) ஃப்யூஸ் செருகும் இடத்தில்தான் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அக்கா உப்புத்தாளை மடித்துத் தேய்த்தாள்.

அந்த ஃப்யூஸ் பெட்டி வண்டிக்கு வெளியே, பின்பக்கம். ஃபேன் உள்ளே. இங்கிருந்து அதைப் பார்க்க முடியாது. இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் பேசவும் வேண்டும்.

அக்கா ரொம்ப நேரம் தேய்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, காற்றிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"வருதா?"

"வரலை."

"இப்ப?"

"வரலை. நல்லா அழுத்தித் தேயேன்."

"தேய்ச்சிட்டுத்தான் இருக்கேன். நீ சுவிட்ச போட்டியா?"

"போடாம வேடிக்கை பாத்துட்டு நிக்கிறேனா?"

"யாருக்குத் தெரியும்? நீ செஞ்சாலும் செய்வே."

(இங்கே இருவருக்கும் சிரிப்பு வந்தது. அதை விவரிக்க மாட்டேன், கெட்டுவிடும்.)

4

அப்போது ஃபேன் சுற்றியது.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். ஓடுகிறது என்று சொல்லிவிட்டால் அக்காவுக்குக் கேட்க ஒன்றுமில்லை, தனக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை. மறுபடியும் விரலும் தலையாட்டலும்தான். அவளுக்குப் பயமாக இருந்தது.

"இப்ப வருதா?"

"வரலைக்கா."

முற்றும் என்று எழுதினேன். கண் கலங்கியது. என் எழுத்துக்கு நான் அடிக்கடி கலங்குவேன்.

மனைவி கலங்கவில்லை. "பழைய வண்டின்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? அதோட ஃபேன் ஓடினா தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டின மாதிரி சத்தம் வருமே. வெளிய நிக்கிற அக்காவுக்குக் காது கேக்காதா?"

கதை அதோடு படுத்துவிட்டது.

5

பேனாவை மூடப்போனேன். பக்கத்து வண்டியில் கடகடவென்று சத்தம். ஃபேன் ஜோராக ஓடியது. அந்தச் சத்தத்தையும் மீறிக் குரல்கள்:

"இப்ப வருதா?"

"வரலைக்கா."

"சரி, இரு. இன்னும் கொஞ்சம் தேய்க்கிறேன்."

(இதை நான் கேட்டேனா எழுதினேனா என்று விசாரிக்காதீர்கள்.)

அக்கா உள்ளே ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவதாக ஒரு முடிவு கைவசம் இருந்தது. எழுதத் தொடங்கினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிக்காதீங்க. நீங்க முடிச்சா அவங்க பேச்ச நிறுத்தணும்."

சரி, முடிக்கவில்லை. நீங்கள் உள்ளே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் ஃபேன் கடகடக்கிறது. வெளியே உப்புத்தாள் தேய்கிற சத்தம் நின்று, குரல் கேட்கிறது:

"வருதா?"