ஆளுக்குப் பாதி

இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. அக்காவுக்கு எதிலுமே இறுக்கம் ஆகாது. ரவிக்கைக் கை கொஞ்சம் பிடித்தாலே இரண்டு நாள் முணுமுணுப்பாள். இனிமேல் அவளுக்கு எங்கே வலிக்கப் போகிறது என்பார்கள். வலிக்காதென்று யார் திரும்பி வந்து சொன்னார்கள்?

ரோசலின் வெள்ளைத் துணிக் கிழிசலை அக்கா அன்னாளின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துச் சுற்றி, ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்காகப் போட்டாள்.

"தலையத் தூக்கிப் பிடி ரோசு. தலகாணி உறைய மாத்திருவோம், சாமியார் வார நேரம்," என்றாள் எதிர்வீட்டு லூர்தம்மாள். உறையை உருவியவள் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். "என்னடி இது, இம்புட்டுக் கனம்? நகை நட்டு சேத்து வச்சிருந்தாளா கள்ளி?"

வெளியே வந்தது ஒரு நோட்டு. பாதி நோட்டு. முன்னட்டை இல்லை. தையல் ஓரம் கத்தியால் வகிர்ந்தாற்போல் இருந்தது. ரோசலின் கை நீட்டுவதற்குள் வாசற்படியில் நின்றிருந்த அண்ணன் மரியராஜ் வந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். உதடுகள் அசைந்தன. பிறகு அசையவில்லை. நோட்டைப் பட்டென்று மூடிவிட்டுச் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தார்.

"பாவம், ஆசையா வச்சிருந்திருக்கா. அவ கூடயே போகட்டும். ஒங்கிட்ட மறுபாதி இருக்குமே ரோசு, அதையும் எடுத்தா. ரெண்டையும் பெட்டிக்குள்ள வச்சிருவோம்."

"நல்ல யோசனை. போற எடத்துலயாச்சும் முழுசாப் படிக்கட்டும்," என்றாள் லூர்தம்மாள்.

நாலு வருஷமாக அந்த நோட்டை விரல் நுனியால்கூடத் தொடாத அண்ணன் அது அக்காவுக்குப் பிரியமானதென்று எப்போது தெரிந்துகொண்டார்? ரோசலின் எழுந்தாள்.

"குடுங்கண்ணே. என்னோடதோட சேத்துக் கொண்டாரேன்."

அவர் தயங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தார்.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சேலைகளுக்கு அடியில் அவளுடைய பாதி இருந்தது. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து: எரெவான், ஆர்மீனியா, அக்டோபர் 1983.

இந்திய-சோவியத் நட்புறவுக் கழகம் அழைத்துப்போன ஆசிரியர் குழுவில் அவளும் ஒருத்தி. திண்டுக்கல்லிலிருந்து போன ஒரே பெண். "சாமி இல்லைங்கிற ஊருக்கு ஒரு கிறிஸ்தவச்சி என்னத்துக்குப் போகணும்?" என்று மரியராஜ் பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டைத் திறந்தவள் அன்னாள். "அவ போறா. நீங்க வேணும்னா என்னயப் பூட்டி வைங்க" என்றாள். கல்யாணமாகி ஆறாம் மாதம் விதவையாகத் திரும்பிய நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

கடைசி மூன்று நாள் எரெவான். குன்றின் மேல் சாம்பல் நிறக் கல் கட்டடம், ஏறி மாளாத படி. பழைய ஆர்மீனிய ஏடுகள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தன. குழுவில் பாதிப்பேர் கால் வலிக்கிறதென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த ரோசலின் மட்டும் வழிகாட்டியை ஒட்டியே நடந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புத்தகம். சின்னப் பிள்ளையைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு பெரிது. அறுநூறு கன்றுக்குட்டிகளின் தோலில் எழுதியது என்றாள் வழிகாட்டி. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "எத்தனை நாள் சுண்ணாம்புத் தண்ணியில ஊறவச்சாங்க?" என்று ரோசலின் கேட்டாள். மொழிபெயர்ப்பாளன் விழித்தான். வழிகாட்டி சிரித்துவிட்டு, உங்கள் ஊரில் தோல் வேலை உண்டா என்றாள். பேகம்பூர்த் தோல்ஷாப்புப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வதை இவள் எந்த மொழியில் சொல்வாள்?

அந்தப் பெண் பிறகு சொன்னதுதான் நோட்டில் நாலு பக்கம். 1915இல் துருக்கியர் ஆட்சியில் ஆர்மீனிய ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று விரட்டினார்கள். ஆளில்லாத மடத்தில் இந்தப் புத்தகம் இரண்டு பெண்கள் கண்ணில் பட்டது. ஒருத்தியால் தூக்க முடியாத பாரம். இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி தன் பாதியைப் பத்திரமான இடத்தில் சேர்த்தாள். மற்றவள் வழியிலேயே செத்துப்போனாள், சாவதற்கு முன் தன் பாதியைப் புதைத்துவிட்டு. அதுவும் பின்னால் கிடைத்தது. அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது.

ஆனால் ஏடு எழுதியவர்கள் பெயர் தெரியும். எழுதி முடித்தவன் கடைசிப் பக்கத்தில் தன் பெயர், தாய் தகப்பன் பெயர், எழுதிய காலத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதி, படிக்கிறவர்கள் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பானாம்.

இதயம் வீங்கிப் படுத்திருந்த அன்னாளுக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! வேளாங்கண்ணியைத் தாண்டாத அன்னாள், "அறுநூறு கன்னுக்குட்டியா? நம்ம தோல்ஷாப்புக்காரங்ககிட்ட விட்டா ஒரே மாசத்துல முடிச்சிருவாங்க" என்பாள். பிறகு, "அந்த ரெண்டு பொம்பளைங்களச் சொல்லு" என்பாள். ஒருநாள் அரிவாள்மனையை இழுத்துப்போட்டு நோட்டைத் தையலோடு வகிர்ந்தாள். "ஆளுக்குப் பாதி. ஒண்ண அண்ணன் அடுப்புல போட்டாலும் ஒண்ணு இருக்கும்."

அக்காவின் பாதியில் பின்பக்கங்கள் வெறுமையாக இருந்தது ரோசலினுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பென்சில் எழுத்து, மேலும் கீழுமாக.

'இதை வைத்திருந்தவள் சந்தியாகு, செபஸ்தியம்மாள் மகள் அன்னாள். அண்ணன் மரியராஜ். தங்கை ரோசலின். கடைசித் தங்கை டெய்சி. டெய்சி சௌகத் அலியைக் கட்டிக்கொண்டு போன மறுநாள், பைபிளில் அப்பா எழுதி வைத்த அவள் பெயரை அண்ணன் பிளேடால் சுரண்டினார். கரையான் அரித்ததென்று சாமியாரிடம் சொன்னார். கரையான் இல்லை. கரண்ட் இல்லாததால் நான்தான் விளக்குப் பிடித்தேன். படிக்கிறவர்கள் எங்கள் நாலு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.'

ரோசலின் இன்னொரு தடவை படிக்கவில்லை. தன் பாதியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, அக்காவின் பாதியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கதவைத் திறந்தபோது மரியராஜ் அங்கேயே நின்றிருந்தார்.

"படிச்சிட்டியா?" தணிந்த குரலில் கேட்டார். "கோயில் கமிட்டில இருக்கேன் ரோசு. எம்முகத்த விடு. வெளக்குப் பிடிச்சேன்னு அவளே எழுதி வச்சிருக்காளே, செத்தவ மானமும்ல போகும்?"

"அவளே எழுதிட்டாளே, இனி எங்க போகும்?" என்றபடி அவரைத் தாண்டிப் புழக்கடை வழியே சந்துக்கு இறங்கினாள்.

தெருவுக்கு அந்தப்புறம், பந்தலுக்கு வெளியே, கரண்டுக் கம்பத்தை ஒட்டி டெய்சி நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு. எட்டு வருஷத்தில் முகம் அப்படியே அம்மாவாக ஆகியிருந்தது. நாலடி தள்ளி சௌகத் அலி சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவர்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எப்ப வந்த?"

"வெடிஞ்சதும் வந்துட்டேங்க்கா."

"அப்பருந்து இங்கயேவா நிக்கிற? உள்ள வா."

"அண்ணன்…"

"அண்ணனப் பாக்கவா வந்த?" பாதி நோட்டை அவள் கையில் திணித்தாள். "இத முந்தானைல முடிஞ்சுக்க. அக்காவோடது. கடைசிப் பக்கத்த வீட்டுல போய்ப் படி, இங்க வேண்டாம்."

"நான் இங்கனயே நிக்கிறேன் டீச்சர்," என்றார் சௌகத் அலி.

"நீங்களும் வாங்க. தூக்க ஆள் வேணும்."

டெய்சியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோசலின் முன்வாசல் வழியாகவே நுழைந்தாள். செருப்புகளுக்கு நடுவே பாதை விட்டார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் ஒரு மணி தவறி, மறுபடி சேர்ந்துகொண்டன. டெய்சி அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து கன்னத்தோடு கன்னம் வைத்தாள். லூர்தம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது. சவப்பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். மரியராஜ் ரோசலினின் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் வேர்த்திருந்தது.

"எங்க அது?"

"என் பாதி என் தகரப் பெட்டில இருக்கு. அக்கா பாதி டெய்சிகிட்ட இருக்கு."

"சபையில வச்சு என்னயக் கேவலப்படுத்தாத. எல்லாருகிட்டயும் பெட்டில வைக்கிறோம்னு சொல்லியாச்சு. போயி வாங்கி, ஒன்னோடதயும் எடுத்து, ரெண்டையும் வை."

"வெரல் கட்ட அவுத்துரு தாயி, தூக்கப் போறாங்க," என்றாள் லூர்தம்மாள்.

ரோசலின் குனிந்தாள். அன்னாளின் விரல்கள் கல்லாகக் குளிர்ந்திருந்தன. துணியின் நுனியைத் தேடிப் பிடித்தாள்.

"மாட்டேண்ணே," என்றாள், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.