நேரு என்று கூப்பிட ஆளில்லை

உத்திரமேரூர் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த வேதகிரியை வருஷத்தில் ஒரு நாள் எல்லோரும் நேரு என்று கூப்பிட்டார்கள். உருவத்தில் ஒற்றுமை எதுவும் கிடையாது. வேதகிரி குள்ளம், கறுப்பு, முன்பல் இரண்டு இல்லை. பிறந்த தேதி ஒன்றாக இருந்ததுதான் காரணம்.

அந்தத் தேதியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்டது. பையன் எப்போது பிறந்தான் என்று அவர் கேட்டதற்கு, தென்னேரியில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்மா, "அடமழையில பொறந்தானுங்க சாமி" என்றாளாம். ஐப்பசி மழை என்று கணக்குப் பண்ணி வாத்தியார் நவம்பர் பதினாலு என்று எழுதிக்கொண்டார்.

சுதந்திரம் வந்த பிறகு ஒருநாள், எதிரே டீக்கடை வைத்திருந்த இருசப்பனிடம் வேதகிரி இதைச் சொல்லப்போக, அதிலிருந்து ஆரம்பித்தது. நவம்பர் பதினாலு வந்தால் இருசப்பன் டீ கிளாஸை நீட்டும்போதே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்:

"இன்னா நேரு, டில்லிலேர்ந்து எப்ப வந்தே? சட்டையில ரோசாவக் காணோம்?"

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சைக்கிள் எடுக்க வருகிறவன், "பிரதமரே, பின் டயர்ல காத்து இல்ல" என்பான். வேதகிரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார். ஆனால் அன்றைக்கு மட்டும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சீக்கிரமாகவே கடையைத் திறந்துவிடுவார். குழந்தைகள் இல்லை. மனைவி செங்கேணியும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் பிறந்ததைப் பற்றி யாராவது பேசுவது அந்த ஒரு நாளில்தான்.

அறுபத்து நாலாம் வருஷம் மே மாதம் நேரு காலமானார்.

அந்த நவம்பர் பதினாலிலும் வேதகிரி துவைத்த சட்டையோடு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இருசப்பன் கிளாஸை நீட்டினார். உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னிக்கு இன்னா தேதி, இருசப்பா?"

"பதினாலு." குரல் இறங்கியிருந்தது. "ஸ்கூல்ல படத்துக்கு மால போட்டு வெளக்கு ஏத்திக்கினு கீறாங்க. பசங்களுக்கு மிட்டாய் கெடையாதாம். வருசம் திரும்பலியே. நம்ம வூட்டுப் பெரியவரு பூட்டா நாம பண்டிக பண்ணுவமா?"

"எனுக்கும் இன்னிக்குத்தானே..."

"வாயக் களுவு!" இருசப்பன் பதறிவிட்டார். "செத்தவரு நாள எதுக்கு உன் தலைமேல ஏத்திக்கிறே? நீ நல்லா இருக்கணும்ல? உன் நச்சத்திரம் இன்னா சொல்லு. அத்த வச்சி வேற நாள் பாத்துக்க."

வேதகிரி பிறந்தபோது நட்சத்திரம் பார்த்து வைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இருசப்பன் பேச்சில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பிரியமாகச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? வழக்கமாகக் கேலி பண்ணுகிற முத்துகிருஷ்ணன்கூட அன்றைக்கு "அண்ணே, ஒரு வண்டி" என்று அடக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினார். உள்ளூரில் அன்றைக்கு மிட்டாய் வாங்கினால் எதற்கென்று கேட்பார்கள். அங்கே ஒரு மிட்டாய்க் கடையில் கால் கிலோ ஜாங்கிரி கேட்டார். பொட்டலம் கட்டும்போது, "இன்னிக்கு எனுக்குப் பொறந்த நாளு" என்றார்.

"அப்பிடியா? நல்லா இரு நைனா," என்றார் கடைக்காரர். மனசாரச் சொன்னதுதான். உடனே அடுத்த ஆளிடம், "உனுக்கு இன்னாம்மா?" என்று திரும்பிவிட்டார்.

வேதகிரி பொட்டலத்தோடு கொஞ்சம் ஓரமாக நின்று பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. கேலி பண்ணுவதற்கு அந்த மனிதருக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் திரும்பியபோது டீக்கடையில் இருசப்பன் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வேதகிரி பொட்டலத்தைப் பிரித்துப் பெஞ்சில் வைத்தார்.

"இன்னா இது?"

"ஜாங்கிரி."

"எதுக்கு?" இருசப்பனின் கை நின்றுவிட்டது.

காரணத்தைச் சொன்னால் அவர் தொடமாட்டார்.

"சைக்கிள் செயின் வாங்க வாலாஜாபாத் போனேன். சூடா போட்டுக்கினு இருந்தான். சும்மா வாங்கினேன்."

"கஞ்சப் பய, நீ சும்மா வாங்கினியா!" இருசப்பன் சிரித்துவிட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "நல்லாத்தான் கீது."

"இன்னொண்ணு எடுத்துக்க," என்று பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார் வேதகிரி. தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி மென்றார்.